எதிர்ச்சரிவில் நின்றவர்

என் பிள்ளைகளே,

போன ஞாயிற்றுக்கிழமை பசறைச் சந்தியில் மோட்டார் பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, சின்னவள் எலிசா என்னை ஒரு கேள்வி கேட்டாள். "அத்த மட்டும் ஏன்ப்பா பஸ்ஸுல ஏறவே மாட்டேங்குது?" பெட்ரோல் நாற்றம் அத்தைக்கு ஒத்துக்கொள்ளாது என்று பெரியவன் தாசன் தானே பதில் சொல்லிவிட்டான். அத்தை முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, குறுக்குப் பாதையில் ஓடைப் பக்கமாக இறங்கி நடந்து போய்க்கொண்டிருந்தாள். நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

வாயால் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் படித்தது தோட்டத்து ஜெபக் கொட்டகையில், உபதேசியாரிடம். பிழை இருந்தால் அவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் சொல்லிக்கொடுத்தது சரியாகத்தான் இருக்கும்.

அத்தை பஸ்ஸில் ஏறாததற்குக் காரணம் பெட்ரோல் இல்லை, ஒரு மனிதர். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், ஒரு நாள் அதே பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வருவார்கள். நாங்கள் அவரை ரோட்டய்யா என்றுதான் கூப்பிட்டோம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

ரோடு என்பது மலை உண்டான நாளிலிருந்தே அங்கே கிடக்கிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். என் அப்பா இந்தப் பக்கம் வந்தபோது கோப்பிக் காலம். தவளம் மாடுகள்தான் முதுகில் மூட்டை சுமந்து மலை ஏறும். மாடு நடந்த தடத்தில் மனிதனும் நடந்தான், அவ்வளவுதான் பாதை. பிறகு கோப்பி நோய் கண்டு செத்தது, தேயிலை வந்தது. தேயிலைக்குப் பெட்டி வேண்டும், பெட்டிக்கு வண்டி வேண்டும், வண்டிக்கு ரோடு வேண்டும். பசறையிலிருந்து மடுல்சீமைப் பக்கம் மேலே ஏற ஒரு வண்டி ரோடு போடப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது அப்படித்தான்.

அந்த ரோடு எந்தச் சரிவில் ஏறும் என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வி. நடுவில் ஓடை. இந்தப் பக்கச் சரிவில் எங்கள் மேல்கணக்குப் பிரிவின் லயங்கள், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகள். அந்தப் பக்கச் சரிவில் பெரிய தோட்டத்தின் தேயிலை ஸ்டோர், தகரக் கூரை வெயிலில் கண்ணைக் கூசும். எங்கள் பக்கத்தில் யாருக்காவது நோய் முற்றினால் கம்பளியில் கிடத்தி, மூங்கிலில் தூளி கட்டி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்து ஓடை வரை இறக்கி, ஓடையைத் தாண்டி, பிறகு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவோம். மழைக் காலத்தில் ஓடை விடாது. ஞானம்மா அக்கா, அதாவது உங்கள் அத்தை, அதற்குள் இரண்டு பிள்ளைகளைப் பிறந்த அன்றே பறிகொடுத்திருந்தாள். அடுத்தது ஆஸ்பத்திரியில்தான் பிறக்க வேண்டும், லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் வைத்துப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே ரோடு எந்தப் பக்கம் என்பது மற்றவர்களுக்கு ஒரு சௌகரியம். அக்காவுக்கு அது பிள்ளை.

ரோட்டய்யா ஒரு தை மாதத்தில் இரண்டு ஆட்களோடு ஏறி வந்தார். காக்கிக் கால்சட்டை, வெயிலில் வெளுத்த தொப்பி. கவைக் கம்பில் ஒரு குழாயும் அதன் அடியில் ஒரு குண்டும் தொங்கவிட்ட ஒரு சாமான் கொண்டு வந்தார். காற்றில் அது ஆடும், பிறகு தானாக நிற்கும். நின்றதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழாய் வழியாகப் பார்ப்பார். தூரத்தில் ஒரு ஆள் வெள்ளைப் பலகையைத் தூக்கிப் பிடிப்பான். எங்கள் ஆட்கள் அந்தச் சாமானுக்கு ஊஞ்சல் என்று பெயர் வைத்தார்கள்.

வந்த முதல் நாள் அக்கா அவரைக் காம்பராவுக்குள் வந்து உட்காரச் சொன்னாள். அவர் வரவில்லை. வாசலுக்கு முன்னால் தண்ணீர் போகிற கானைத் தாண்டி, எதிரே இருந்த கல்லில் போய் வீட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"உள்ள உக்காந்தா வீடு தெரியாதும்மா" என்றார்.

தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள், கூரைத் தகரம் எந்த இடத்தில் ஒழுகும் என்று கை நீட்டிக் காட்டினார். மச்சான், அதாவது அக்காவின் புருஷன், ஏறித் தார் பூசினார். அந்த வருஷம் ஒழுகவில்லை. அதற்கு மேல் என்ன வேண்டும். எங்கள் லயத்தை அதுவரை எதிரே உட்கார்ந்து பார்த்தவர் யார்? துரை குதிரை மேல் போவார், கங்காணி காலைப் பெரட்டுக்கு வேலையாள் எண்ண வருவார். இவர் ஒருவர்தான் உட்கார்ந்து பார்த்தார்.

அவருடைய குணமே அதுதான். எதையும் கிட்டே போய்ப் பார்க்க மாட்டார். எதிரே போய் நின்று பார்ப்பார். காய்கறித் தோட்ட வேலிக்காக அண்ணன் தம்பி இரண்டு பேர் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றபோது, அவர் அண்ணனைத் தம்பியின் பாத்தியிலும் தம்பியை அண்ணன் பாத்தியிலும் நிற்க வைத்தார். கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு அண்ணனே வேலியை நகர்த்தி நட்டான். ஞாயிறு ஆராதனைக்கு வந்தால் எங்களோடு உட்காராமல், உபதேசியாருக்குப் பின்னால் இருந்த ஜன்னலுக்கு வெளியே நின்று எங்கள் முகங்களைப் பார்ப்பார். "பிரசங்கம் பண்றது நானா அவரா, நீங்க யாரைப் பாக்குறீங்க?" என்று உபதேசியார் கோபித்துக்கொண்டார். நம்மோடு பேசும்போதும் அவர் கண் நம் தோளுக்கு மேலே எங்கேயோ இருக்கும். பக்கத்துக் காம்பரா பேச்சி இதைக் கவனித்துவிட்டு, "ரோட்டய்யா பொண்ணு பாக்கப் போனா எதுத்த வீட்டுப் பொண்ணத்தான் பாத்துட்டு வருவாரு" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, இதை அடிக்கடி சொல்வார்:

"ஒரு மலையப் பாக்கணும்னா எதிர் மலையில ஏறணும்."

நல்ல வார்த்தை என்று நான் கரிக்கட்டியால் கதவின் உள்பக்கம் எழுதி வைத்தேன்.

அவர் நம்மவர் என்பது இன்னொன்று. நமுனுகுலப் பக்கம் ஏதோ ஒரு லயத்தில் பிறந்தவராம். அவருடைய அம்மாவையும் தூளியில்தான் இறக்கினார்களாம். அதைச் சொன்னபோது அக்கா தேத்தண்ணியில் கூட ஒரு துண்டு கருப்பட்டி வைத்துக் கொடுத்தாள். அது நிஜமா என்று எனக்கு இன்று வரை தெரியாது. நிஜமாக இருந்தால்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

இனி எங்கள் மடத்தனத்தைச் சொல்ல வேண்டும்.

அவர் லயத்துக்குக் கீழே முதல் குச்சியை அடித்தார். வெள்ளை பூசிய தலை, அடியைக் கூராகச் சீவியது. அது மண்ணில் இறங்கியதைப் பார்த்ததும் எங்கள் ஆட்களுக்கு வேறொன்று தோன்றிவிட்டது. நம் ஜனத்தில் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நடுவார்கள், உங்களுக்குத் தெரியும். நம்மைப் போல வேதக்காரர் ஆனாலும் சைவக்காரர் ஆனாலும் பந்தக்கால் நட்டாகிவிட்டால் கல்யாணத்தை நிறுத்த மாட்டார்கள். கால் நட்ட பிறகு நிறுத்தினால் அது கல்யாணத்தை நிறுத்துவது இல்லை, ஒரு பெண்ணைக் கொல்வது. அந்த நினைப்பில் மாரியம்மன் கோயில் பூசாரி குச்சிக்கு மஞ்சள் தடவி மாவிலை கட்டினார். உபதேசியார் ஜெபம் பண்ணினார். பெண்கள் குலவை இட்டார்கள். ரோட்டய்யா என்ன செய்தார் தெரியுமா? தொப்பியைக் கழற்றினார். பூசாரி நீட்டிய குங்குமத்தை நெற்றியில் வாங்கிக்கொண்டார். ஜெபம் முடிந்ததும் ஆமென் சொன்னார்.

இது முகூர்த்தக்கால் இல்லை என்று சொல்ல அவருக்கு வாய் இருந்தது.

குச்சி நட்ட இடங்களுக்குக் கீழே செத்துப்போன கோப்பியும் காட்டு மரமுமாக நீளப் பட்டையாக ஒரு காடு இருந்தது. அவர் அதை வெட்டச் சொல்லவில்லை. ஊஞ்சலைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "இந்தக் காடு கொஞ்சம் மறைக்குது" என்றார். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனை முடிந்ததும் ஆணும் பெண்ணுமாகக் கத்தியோடு இறங்கினோம். துரையும் தடுக்கவில்லை. கூலி கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. நம் ரோட்டுக்கு நாமே காடு வெட்டுகிறோம் என்ற நினைப்பு. அக்காவுக்கு அப்போது மசக்கை. கத்தி பிடிக்க மச்சான் விடவில்லை. தேத்தண்ணி வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, வெட்டுகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள். "ரோட்டுல மொதல்ல எறங்குறது எம் புள்ளதான், வண்டிக்காரன்கிட்ட இப்பவே சொல்லி வச்சிருங்க" என்று கேலி பேசினாள். அவள் சத்தமாகச் சிரித்து நீங்கள் கேட்டதில்லை. அந்த நாளில் அவள் சிரிப்பு கீழ் லயம் வரை கேட்கும்.

காடு விழுந்ததும் எதிர்ச்சரிவு முழுக்கத் திறந்துகொண்டது. பாறை எது, ஊற்று எது, மண் எது என்று உள்ளங்கை போலத் தெரிந்தது. ரோட்டய்யா எங்கள் குச்சிகளுக்குப் பக்கத்தில் நின்று நாள் பூராவும் குழாய் வழியாகப் பார்த்தார். வெள்ளைப் பலகை பிடிக்கிற ஆள் ஓடைக்கு அந்தப் பக்கம் நின்றான். மச்சான் அதைப் பார்த்துவிட்டு, எதற்கு அங்கே நிற்கிறான் என்று கேட்டார். "பாக்கணும்ல" என்றார் ரோட்டய்யா. சரி, பார்க்க வேண்டும்தானே என்று நாங்களும் இருந்துவிட்டோம்.

சித்திரையில் வெடிச் சத்தம் கேட்டது, எதிர்ச்சரிவில். பாறை உடைக்கிறார்கள், ரோடு கீழிருந்து தொடங்கிவிட்டது, அந்தப் பக்கம் கொஞ்சம் ஏறி ஓடைக்கு மேலே பாலம் போட்டு நம் பக்கம் திரும்பும் என்று மச்சான் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். சந்தேகப்பட்டவர்களிடம், "முகூர்த்தக்கால் இங்க இருக்கு, மாப்பிள எங்க போவாரு?" என்றார். குச்சிகளை ஆடு கடிக்காமல் முள் கட்டி வைத்திருந்தோம்.

ஆவணி மாதத்தில் நடந்ததை மட்டும் நான் கண் முன்னால் இருப்பது போலச் சொல்ல முடியும். மச்சானுடைய சித்தி ஒருத்தி பதுளையில் கடைத்தெருப் பக்கம் அப்பக்கடை வைத்திருந்தாள். மழை பிடிக்குமுன் அக்காவை அனுப்பி வை, பிள்ளை பிறக்கும் வரை என்னோடு இருக்கட்டும், ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம் என்று ஆள் விட்டிருந்தாள். அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், மச்சான் படியில். ரோட்டய்யா கானுக்கு எதிரே தன் கல்லில் கையில் தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தார். அக்காவுக்கும் மச்சானுக்கும் நடுவில் பேச்சு நடந்தது, அவர் கேட்கத்தான் நடந்தது. அவ்வளவு நாள் போய் அடுத்தவர் வீட்டில் இருக்க அக்காவுக்கு மனமில்லை. தினம் பெரட்டில் பேர் கொடுக்காவிட்டால் வேலையும் போய்விடும். கடைசியில் அவள் சொன்னாள்:

"கார்த்திகைக்குத்தான் நாளு. அதுக்குள்ள ரோடு வந்துரும். வண்டியில போய்க்கிறேன். இல்லீங்களா அய்யா?"

ரோட்டய்யா குவளைக்குள் பார்த்தார். தேத்தண்ணியை ஒரு சுற்றுச் சுற்றினார். "வண்டியில போனா அலுங்காம போலாம்மா" என்றார்.

அன்றுதான் அவர் நம் தோளுக்கு மேலே பார்க்காமல், கையில் இருந்ததைப் பார்த்தது. நான் அதைக் கவனித்தேன், ஆனால் அதற்கு அர்த்தம் வைக்கத் தெரியவில்லை. பிள்ளைகளே, உங்களிடம் ஒருவன் வந்து தன்மையாகக் கேள்வி கேட்டால், சந்தோஷத்தில் பதில் சொல்லிக்கொண்டே போகாதீர்கள். நீங்கள் கேட்கும்போது அவன் பதில் சொல்கிறானா என்று பாருங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது ஒன்றுதான்.

அக்காவால் வர முடியாது என்று சித்திக்கு ஆள் அனுப்பினோம். அதற்குப் பிறகு ரோட்டய்யா எங்கள் பக்கம் வரவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகையில் ஒரு விடியலில் அக்காவுக்கு வலி கண்டது. பழைய மூங்கிலையே எடுத்தோம், பழைய கம்பளியையே கட்டினோம். எங்கள் குச்சிகளைத் தாண்டித்தான் தூளியை இறக்கினோம், அக்கா கையை நீட்டியிருந்தால் தொட்டிருக்கலாம். ஓடை கரை புரண்டு செம்மண் நிறத்தில் போனது. நானும் மச்சானும் இடுப்பில் கயிறு கட்டி இறங்கிப் பார்த்தோம், கால் நிற்கவில்லை. எதிர்க்கரைக்கு மேலே புது ரோடு தெரிந்தது. தேயிலைப் பெட்டி ஏற்றின வண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு வண்டிக்காரன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு எங்களையே பார்த்தான். அவன் நல்லவனாக இருக்கலாம். நடுவில் தண்ணீர் இருந்தது, அவன் என்ன செய்வான்.

ஓடைக் கரையிலேயே பேச்சி தன் சேலையை மறைப்பாக விரித்துப் பிடித்தாள். ஆண் பிள்ளை. அழவில்லை. அக்கா பிழைத்தாள்.

மழை விட்ட பிறகு நானும் மச்சானும் அந்த ரோட்டுக்குப் போனோம். நம் மலையின் அடி வரை வந்து, ஓடையைத் தொடுவது போல நெருங்கி, சட்டென்று முதுகைக் காட்டித் திரும்புமே, பஸ்ஸில் நீங்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போடுவீர்களே, அந்த வளைவுதான். அங்கே ரோட்டய்யா மழைத் தண்ணீர் போக ஒரு சின்னப் பாலத்துக்குக் கல் வைக்க ஆட்களை ஏவிக்கொண்டு நின்றார். எங்களைப் பார்த்ததும் அவரே முதலில் கேட்டார்.

"ஞானம்மா எப்படி இருக்கு?"

மச்சான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் எங்கேயோ போய்விட்டன. நான்தான் நடந்ததைச் சொன்னேன். ரோட்டய்யா தொப்பியைக் கழற்றினார். குச்சிக்கு முன்னால் கழற்றினாரே, அதே மாதிரி.

"ரோடு எங்க பக்கம் வரும்னு இருந்துட்டோம் அய்யா" என்றேன்.

"வரும்னு நான் சொன்னேனா, தம்பி?"

நான் யோசித்தேன். நின்ற இடத்திலேயே அவர் பேசின பேச்சையெல்லாம் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அவர் சொல்லவில்லை. ஒரு நாளும் சொல்லவில்லை. நாங்கள் சொன்னோம், அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்க பக்கம் எதுக்குங்க குச்சி நட்டீங்க?"

"அது நான் நிக்கிற எடம். அங்க நின்னாத்தானே இந்தப் பக்கம் தெரியும்" என்றார். ஸ்டோருக்குத்தான் ரோடு என்று அவர் மலை ஏறும் முன்பே முடிவாகிவிட்டதாம். அந்த முடிவை மாற்ற அவரால் ஆகாது என்றார். அது உண்மையாக இருக்கலாம். மாற்றச் சொல்லி நாங்கள் கேட்கவும் இல்லை.

அப்போதும் அவர் கண் எங்கள் தோளுக்கு மேலேதான் இருந்தது. எங்கள் சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார், காடு வெட்டித் திறந்த அந்தப் பட்டையை. பார்த்துக்கொண்டே, தனக்குத் தானே பேசுகிற மாதிரிச் சொன்னார்:

"இங்கருந்து பாத்தாத்தான் தெரியுது. நல்ல மண்ணு ஒங்க பக்கந்தான்."

மச்சான் என் கையைப் பிடித்து இழுத்தார். வந்துவிட்டோம். மச்சான் அதற்குப் பிறகு அதிக வருஷம் இருக்கவில்லை.

அக்காவிடம் அந்தப் பேச்சை நான் முழுதாகச் சொன்னேன். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் கானுக்கு எதிரே இருந்த கல்லைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"ரோடு வராதது அவரு கையில இல்ல. ஆனா இந்தக் கல்லுல உக்காந்து கூரை ஒழுகுறதப் பாத்தவரு, என் வயித்தயுந்தான் பாத்தாரு. ஒத்த வார்த்த சொல்லியிருந்தா ஆவணியிலயே நடந்து எறங்கியிருப்பேன்டா."

எலிசா, நீ கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். நாம் போகிற ரோட்டில் அத்தைக்கு வேலை இல்லை. அவள் தன் பாதையில் போகிறாள். இனிமேல் அவளைப் பஸ்ஸில் ஏறச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்காதே.

இன்னும் ஒன்று இருக்கிறது. ரோடு திறந்த பிறகு அக்காவின் வாசலிலிருந்து பார்த்தால், நாங்கள் வெட்டின பட்டை வழியாக எதிர்ச்சரிவு ரோடு அப்படியே தெரிந்தது. வண்டி ஒவ்வொன்றும் ஏறுவது தெரியும். அவள் அரிசி புடைக்கும்போது கண்ணைத் தூக்காமல் இருக்கப் பழகினாள். ஒரு நாள் எல்லோரும் கொழுந்து எடுக்க மலைக்குப் போன பிறகு, எனக்குக் காய்ச்சல் என்று பேர் கொடுக்காமல் நின்றுவிட்டேன். நிழல் மரக் கன்றுகளை நாற்றங்காலிலிருந்து வேரோடு மண்ணாக எடுத்துப் போய், அந்தப் பட்டையில் நட்டேன். வெள்ளைக் குச்சிகளைப் பிடுங்கி, கன்றுகளுக்கு முட்டுக் கொடுத்துக் கட்டினேன். குதிகாலால் மண்ணை மிதித்துவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தேன். கன்று முழங்கால் உயரம்கூட இல்லை, ரோடு அதன் தலைக்கு மேலே முழுக்கத் தெரிந்தது. கானைத் தாண்டி இறங்கி, கன்றுக்குக் கிட்டே போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அப்போதும் தெரிந்தது. தரையோடு தரையாகக் குனிந்து, அவர் செய்வது போல ஒரு கண்ணை மூடினேன். ஒரு இலை குறுக்கே வந்து ரோட்டை மறைத்தது. அந்த இலை ஆடாமல் இருக்கிற வரைக்கும் அப்படியே குனிந்திருந்தேன்.